வண்டி ஏன் ஆடுகிறது?

இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் விளைகிறது. நாசிக்கில் வெங்காயம் விளைகிறது. கோலாரில் தக்காளி விளைகிறது. இவற்றைத் தோட்டத்திலிருந்து சந்தைக்குக் கொண்டு போவது எது? பெரும்பாலும் பிக்கப் வண்டிதான்.

2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்தது. வட இந்தியாவில் அதைச் 'சோட்டா ஹாத்தி' என்பார்கள். தமிழில் 'குட்டி யானை' என்பார்கள். அதைவிடப் பெரிய பிக்கப் வண்டிகளும் உண்டு. மகிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகியவற்றை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

பல குடும்பங்களுக்கு இந்த வண்டிதான் சோறு போடுகிறது. கடன் வாங்கி வண்டி எடுக்கிறார்கள். மாதா மாதம் தவணை கட்டுகிறார்கள். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போய்விடும். வண்டி கவிழ்ந்தால் உயிரே போய்விடும்.

ஓடும் வண்டி ஆட்டம் கண்டால் என்ன செய்வது? எந்தப் பொருளை மாற்றுவது? கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

ஓட்டுநரும் மெக்கானிக்கும்

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறையப் பேர். அவர்களின் முன்னோர் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. பலரும் வேறு பிழைப்பு தேடினார்கள்.

அந்த ஊரில் பிக்கப் ஓட்டும் ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். கோலார் சந்தையில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றுகிறார். முல்பாகல், பலமனேர், சித்தூர் வழியாகச் சென்னைக்குப் போகிறார். பலமனேருக்கும் சித்தூருக்கும் நடுவே மொகிலி மலைச்சரிவு வருகிறது. சரிவில் இறங்கும்போது வண்டி இரண்டு பக்கமும் ஆடுகிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிகிறது. சென்னையில் இறக்கிப் பார்த்தால் அடிப்பெட்டித் தக்காளி நசுங்கிக் கிடக்கிறது.

அவர் மெக்கானிக்கிடம் போகிறார்.

"அண்ணே, ஷாக் அப்சர்பர்லயே ரொம்பக் கெட்டியானது எதுன்னு சொல்லுங்க. நாலையும் மாத்திடலாம். இன்னும் பத்துப் பெட்டி கூட ஏத்தணும்."

"ஏன் தம்பி, பெட்டியைத் தாங்குறது ஷாக் அப்சர்பர்னு யார் சொன்னா?"

"பின்ன எது அண்ணே தாங்குது?"

"பட்டை தாங்குது. ஷாக் அப்சர்பருக்கு வேலையே வேற. அதை முதல்ல தெரிஞ்சுக்க. அப்புறம் காசை எடு."

மெக்கானிக் சொன்னது சரிதான். இது தெரியாமல் பணத்தை வீணாக்குகிறவர்கள் பலர்.

பட்டையின் வேலை என்ன?

வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். சக்கரத்தின் பக்கத்தில் இரும்புப் பட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றை வில் போல வளைத்துச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். இதைப் பட்டை என்றும், பட்டைக் கட்டு என்றும் சொல்வார்கள். எல்லாப் பிக்கப் வண்டியிலும் பின்பக்கம் பெரும்பாலும் பட்டைதான். சில வண்டிகளில் முன்பக்கம் மட்டும் சுருள் ஸ்பிரிங் இருக்கும்.

சுமையைத் தாங்குவது இந்தப் பட்டைதான். சுமை ஏறினால் பட்டை அமுங்கும். சுமை இறங்கினால் மேலே எழும்பும்.

ஆனால் பட்டைக்கு ஒரு குணம் உண்டு. அமுக்கி விட்டால் உடனே நிற்காது. மேலும் கீழும் ஆடும். ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் அது பல முறை ஆடித்தானே நிற்கிறது? அதுபோலத்தான். பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் பட்டை அமுங்கி எழும்புகிறது. பிறகு ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடுகிறது.

ஷாக் அப்சர்பரின் வேலை என்ன?

ஊஞ்சலை ஒரு கை பிடித்தால் ஆட்டம் நிற்கும். அந்தக் கைதான் ஷாக் அப்சர்பர்.

அது ஒரு குழாய். உள்ளே எண்ணெய் இருக்கிறது. எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. பிஸ்டனில் சின்னத் துளைகள் இருக்கின்றன. சக்கரம் மேலும் கீழும் போகும்போது பிஸ்டனும் போகிறது. எண்ணெய் அந்தச் சின்னத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஊசி போடும் குழலில் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் எளிதாகப் போகும். வேகமாக அழுத்தினால் கை வலிக்கும். ஷாக் அப்சர்பரும் அப்படித்தான். மெதுவான அசைவை விட்டுவிடும். வேகமான ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நிற்கும் வண்டியில் சுமை மெதுவாக ஏறுகிறது. அங்கே ஷாக் அப்சர்பர் எதையும் தாங்குவதில்லை. எவ்வளவு கெட்டியான ஷாக் அப்சர்பர் போட்டாலும் வண்டி கூடுதல் சுமை தாங்காது.

ஆட்டத்தை அடக்கும்போது ஷாக் அப்சர்பர் சூடாகும். ஆட்டத்தின் வலு சூடாக மாறி வெளியே போகிறது. கெட்டுப்போன ஷாக் அப்சர்பர் சூடாவதில்லை. இதை நினைவில் வையுங்கள். பிறகு பயன்படும்.

கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது?

காரின் மூலையைக் கையால் அமுக்கி விடுவார்கள். ஒரு முறை எழும்பி நின்றால் நல்லது என்பார்கள். பிக்கப் வண்டியில் இந்தச் சோதனை அவ்வளவாகப் பயன்படாது. பட்டை மிகக் கெட்டி. கையால் அமுக்க முடியாது. அதனால் வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும்.

முதல் அடையாளம் எண்ணெய்க் கசிவு. குழாயின் மேல் லேசான ஈரப் படலம் இருந்தால் பயம் இல்லை. எண்ணெய் வழிந்து, அதில் தூசி அப்பிக் கிடந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது அடையாளம் டயர். நிற்கும் வண்டியின் டயர் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். ஓர் இடம் மேடு, ஓர் இடம் பள்ளம் என்று அலை போல இருக்கிறதா? சக்கரம் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று பொருள். கம்பி துருத்திக்கொண்டிருந்தால் கையைக் கிழிக்கும். பார்த்துத் தடவுங்கள்.

மூன்றாவது அடையாளம் சூடு. மோசமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். இடது, வலது ஷாக் அப்சர்பர்களைப் புறங்கையால் மெதுவாகத் தொடுங்கள். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. புகைக்குழாய் பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள். அது சுட்டுவிடும்.

நான்காவது அடையாளம் ரப்பர் புஷ். ஷாக் அப்சர்பரின் இரண்டு முனைகளிலும் ரப்பர் புஷ் இருக்கும். அது கிழிந்தால் பள்ளத்தில் 'டக் டக்' என்று சத்தம் வரும். புஷ் தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் மாற்றலாம். நல்ல ஷாக் அப்சர்பரைத் தூக்கிப் போட வேண்டாம்.

ஆட்டத்துக்கு வேறு காரணமும் உண்டு

ஷாக் அப்சர்பர் வாங்குவதற்கு முன் மற்றவற்றையும் பார்க்க வேண்டும். இதில் சில வேலைகளுக்குச் செலவே கிடையாது.

டயர் காற்று: ஓட்டுநர் கதவின் பக்கத்திலோ, வண்டியுடன் வந்த புத்தகத்திலோ காற்றின் அளவு எழுதியிருக்கும். முன் சக்கரத்துக்கு ஓர் அளவு, பின் சக்கரத்துக்கு ஓர் அளவு இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் காற்று பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் திருப்பத்தில் வண்டி நெளியும்.

யூ போல்ட்: பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிப்பது யூ போல்ட். அது தளர்ந்தால் அச்சே இடம் மாறும். ஸ்டியரிங் நேராக இருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சேக்கிள் புஷ்: பட்டையின் முனை தொங்கும் இடத்தில் இருக்கும். அது தேய்ந்தால் பின்பக்கம் பக்கவாட்டில் ஆடும். கிரீஸ் அடிக்கும் வகை என்றால் தவறாமல் அடிக்க வேண்டும்.

உடைந்த பட்டை: நடுவில் ஒரு பட்டை உடைந்தாலும் வெளியே எளிதில் தெரியாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பின்னால் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பட்டைக் கடையில் காட்டுங்கள்.

ஸ்டியரிங் மூட்டுகள்: டை ராடு முனை, கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட், சக்கரப் பேரிங் ஆகியவை தேய்ந்தாலும் வண்டி அலையும். இவற்றை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

தங்கவயல் ஓட்டுநரின் வண்டியில் என்ன இருந்தது? பின்பக்கம் ஒரு ஷாக் அப்சர்பரில் எண்ணெய் வழிந்தது. இரண்டு சேக்கிள் புஷ் தேய்ந்திருந்தன. பின் டயர்களில் காற்று குறைவு. முன்பக்க ஷாக் அப்சர்பர்கள் நன்றாகவே இருந்தன. நான்கையும் மாற்ற வந்தவருக்கு இரண்டு வாங்கினாலே போதும் என்று ஆனது.

ஒன்றுதானே கெட்டது, ஏன் இரண்டு? ஒரு பக்கம் புதியது, ஒரு பக்கம் பழையது என்றால் இரண்டும் ஒரே மாதிரி அடக்காது. பிரேக் பிடிக்கும்போதும் திருப்பத்திலும் வண்டி ஒரு பக்கமாகப் போகும். முன்பக்கம் என்றால் முன்பக்கம் இரண்டு. பின்பக்கம் என்றால் பின்பக்கம் இரண்டு. எப்போதும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

எந்த வகை வாங்குவது?

கடையில் இரண்டு வகை சொல்வார்கள். ஒன்று எண்ணெய் மட்டும் உள்ளது. மற்றொன்று எண்ணெயோடு வாயுவும் உள்ளது.

கரடுமுரடான ரோட்டில் வெகுநேரம் ஓடினால் குழாய்க்குள் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய் ஆட்டத்தை அடக்காது. வாயு வகையில் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் எளிதில் நுரைக்காது. விலை கூடுதல்.

ஊருக்குள்ளும் நல்ல ரோட்டிலும் ஓடும் வண்டிக்கு எண்ணெய் வகை போதும். மண் ரோடு, மலைப்பாதை, நாள் முழுக்க ஓட்டம் என்றால் வாயு வகை நல்லது. எதுவானாலும் அந்த வண்டி மாடலுக்கு என்றே செய்ததாக இருக்க வேண்டும்.

மிகக் கெட்டியான ஷாக் அப்சர்பரால் கெடுதலும் உண்டு. பிக்கப் வண்டி சுமையோடு போகிறது. பெரும்பாலும் காலியாகத் திரும்புகிறது. காலி வண்டியில் பின்பக்கம் மிக லேசு. கெட்டியான ஷாக் அப்சர்பர் இருந்தால் பின் சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. மழைக்காலத்தில் இன்னும் ஆபத்து. சக்கரத்தை ரோட்டோடு ஒட்ட வைப்பதுதான் நல்ல ஷாக் அப்சர்பர்.

நீளமும் முக்கியம். நீளம் குறைந்தது போட்டால் பள்ளத்தில் இழுபட்டு அறுந்துவிடும். நீளம் கூடியது போட்டால் மேட்டில் முட்டி உடைந்துவிடும். கூடுதல் பட்டை சேர்த்து வண்டியை உயர்த்தியவர்களுக்கு அடிக்கடி ஷாக் அப்சர்பர் போவது இதனால்தான்.

பெட்டியைப் படியுங்கள்

படிக்கத் தெரிந்தவரைக் கடையில் ஏமாற்றுவது கடினம். பெட்டியில் இவற்றைப் பாருங்கள்.

1. வண்டியின் பெயரும் மாடலும். ஒரே பெயரில் பல மாடல்கள் உண்டு. ஆர்.சி.யைக் கையோடு கொண்டு போங்கள்.
2. முன்பக்கமா, பின்பக்கமா என்பது.
3. பாக எண். பழைய ஷாக் அப்சர்பரில் எண் தெரிந்தால் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டையும் ஒப்பிடுங்கள்.
4. தயாரித்த மாதமும் ஆண்டும்.
5. அதிகபட்ச விலை. இதை எம்.ஆர்.பி. என்பார்கள்.

எம்.ஆர்.பி.யில் வரியும் சேர்ந்தே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிப்பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அது அந்த விலைக்குள்ளேயே அடங்கும். எம்.ஆர்.பி.க்கு மேல் வரி தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பில் வாங்குங்கள். பில் இருந்தால்தான் வாரண்டி கேட்க முடியும். சில இடங்களில் பழைய ஷாக் அப்சர்பரில் எண்ணெய் ஊற்றி, பெயிண்ட் அடித்து, புதியது போல விற்கிறார்கள். பெயிண்டுக்கு அடியில் துரு தெரிகிறதா, தண்டில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் எழுத்துப் பிழை இருந்தால் போலியாக இருக்கலாம். மலிவு என்று அதை வாங்கினால் சில மாதங்களில் மறுபடியும் செலவு.

பொருத்தும்போது கவனம்

வேலை மெக்கானிக்குடையது. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

எண்ணெய் வகை கடையில் படுத்த நிலையில் கிடந்திருக்கும். உள்ளே காற்று புகுந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை இழுத்து அமுக்கிவிட்டுத்தான் பொருத்த வேண்டும். பளபளக்கும் தண்டைக் கொறடால் பிடிக்கக் கூடாது. கீறல் விழுந்தால் எண்ணெய் கசியும். சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிச் சீக்கிரம் கிழியும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஸ்டாண்டோ, கெட்டியான மரக்கட்டையோ முட்டுக் கொடுக்க வேண்டும். வாயு அடைத்த ஷாக் அப்சர்பரை வெட்டக் கூடாது. சூடு காட்டக் கூடாது. வெடிக்கும்.

எத்தனை பெட்டி ஏற்றலாம்?

புதிய ஷாக் அப்சர்பர் போட்டாயிற்று. இன்னும் பத்துப் பெட்டி ஏற்றலாமா? ஆர்.சி.யைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

அதில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று காலி வண்டியின் எடை. மற்றொன்று சுமையோடு சேர்ந்த மொத்த எடை. ஒரு வண்டியில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

மொத்த எடை: 2,900 கிலோ
காலி எடை: 1,650 கிலோ
மீதி: 1,250 கிலோ

காலி எடையில் ஓட்டுநரும் கிளீனரும் சேரவில்லை. இருவருக்கும் 140 கிலோ கழித்தால் 1,110 கிலோ. கோலார் சந்தையில் ஒரு பெட்டியில் 15 கிலோ தக்காளி. பெட்டியோடு சேர்த்து 17 கிலோ என்று வைப்போம். 1,110-ஐ 17-ஆல் வகுத்தால் 65. ஆக 65 பெட்டி ஏற்றலாம். 66-வது பெட்டி கூடாது.

கூடுதல் பட்டை போட்டால் வண்டி குனியாது. ஆனால் பிரேக் அதே பிரேக்தான். அச்சும் டயரும் அதேதான். மலைச்சரிவில் வண்டியை நிறுத்த வேண்டியது பிரேக்தான். பட்டையால் நிறுத்த முடியாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 ரூபாய். இது 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது.

ஏற்றும் முறையும் முக்கியம். கனமான பொருள் அடியில் இருக்க வேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் சுமை குவிந்தால் முன்பக்கம் தூக்கும். ஸ்டியரிங் லேசாகிவிடும். உயரமாக அடுக்கினால் திருப்பத்தில் சாயும். இடது, வலது எடை சமமாக இருக்கட்டும். கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். சரிவில் கீழ் கியரில் மெதுவாக இறங்குங்கள்.

நினைவில் வையுங்கள்

சுமையைத் தாங்குவது பட்டை.
ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சர்பர்.
காரணம் தெரிந்த பிறகு வாங்கு.
ஜோடியாக மாற்று.
பெட்டியைப் படி, பில்லை வாங்கு.
ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றாதே.

பயிற்சி

1. கெட்டுப்போன ஷாக் அப்சர்பர் ஏன் சூடாவதில்லை?
2. ஒன்று கெட்டாலும் ஏன் இரண்டை மாற்ற வேண்டும்?
3. உங்கள் ஊர் பிக்கப் வண்டி ஒன்றின் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மொத்த எடை, காலி எடை இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். 50 கிலோ நெல் மூட்டை எத்தனை ஏற்றலாம் என்று கணக்குப் போடுங்கள். ஓட்டுநரின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். விடையை அந்த ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.